வெள்ளவத்தைக் கவிதை வகுப்பு: கொடுத்த காசுக்குக் காணுமா?

முதலில் விவரத்தைச் சொல்லிவிடுகிறேன். கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், ஒரு ரியூட்டரியின் இரண்டாம் மாடியில் நடக்கிறது இந்த வகுப்பு. ‘கவிதை எழுதும் அடிப்படை’ என்று துண்டுப்பிரசுரத்தில் போட்டிருந்தார்கள். சனிக்கிழமை பின்னேரம் 3 மணி முதல் 5 மணி வரை, 10 வாரம், கட்டணம் 7,500 ரூபாய். இடத்தின் பெயரை வேண்டுமென்றே விடுகிறேன். கீழே குறையும் சொல்லப் போகிறேன், எனக்கோ தினமும் அந்த ஒழுங்கையால்தான் போக்குவரத்து. வெள்ளவத்தையில் இருப்பவர்களுக்கு எது என்று விளங்கிவிடும்.

நான் கவிஞன் இல்லை. சின்ன அச்சகம் ஒன்றில் கணினியில் பக்கம் அமைப்பவன். எங்கள் வருமானத்தில் பாதி கல்யாண அட்டை, மீதிப் பாதி 31ஆம் நாள் நினைவு மலர். யாழ்ப்பாண வழக்கம் தெரிந்தவர்களுக்கு இந்த மலரைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. படம், திதி வெண்பா, தேவாரங்கள், வாழ்க்கைக் குறிப்பு, பேரப்பிள்ளைகளின் புலம்பல், கடைசியில் நன்றி நவிலல். திதி வெண்பா என்பது இறந்தவர் எந்த ஆண்டில், எந்த மாதத்தில், எந்தப் பட்சத்தில் (வளர்பிறையோ தேய்பிறையோ), எந்தத் திதியில் போனார் என்பதை நாலடிக்குள் அடக்கிச் சொல்லும் பாட்டு. அடுத்த வருடம் திவசம் செய்யக் குறிப்பு வேண்டும், அது பாட்டாக இருந்தால் மறக்காது. அவ்வளவுதான் அதன் வேலை. முன்பு ஊருக்கு ஒரு தமிழ் வாத்தியார் இருந்து எழுதிக் கொடுத்தார். இப்போது கொழும்பில் வந்து படத்தையும் திகதியையும் நீட்டிவிட்டு, “தம்பி, திதி வெண்பா ஒன்றை நீங்களே போட்டு விடுங்கோ” என்கிறார்கள்.

எங்கள் கணினியில் அதற்கென்று பழைய கோப்பு ஒன்று கிடக்கிறது. யாரோ ஒரு நடராசாவுக்கு யாரோ எழுதியது. அதில் பெயரை மாற்றி, மாதத்தை மாற்றி அடித்துக்கொண்டே இருந்தோம். வாசிக்கத் தெரிந்த வாடிக்கையாளர் ஒருவர் ஒருநாள் புரூப் தாளில் நாலு இடத்தில் சிவப்புப் பேனையால் வட்டம் போட்டு, ‘தளை தட்டுகிறது’ என்று, அதாவது ஒரு சீரும் அடுத்த சீரும் இணையும் ஒழுங்கு பிசகுகிறது என்று, எழுதித் திருப்பி அனுப்பினார். முதலாளி என்னைப் பார்த்தார். அப்படித்தான் நான் வகுப்புக்குப் போனேன், பாதிக் கட்டணம் அச்சகத்தின் கணக்கில்.

பாடம் எடுப்பவர் ஓய்வு பெற்ற தமிழாசிரியர். ‘காரிகை கற்றுக் கவி பாடுவதிலும் பேரிகை கொட்டிப் பிழைப்பது மேல்’ என்ற பழைய வசையை முதல்நாளே பலகையில் எழுதிவிட்டு, “காசு கட்டியாயிற்று, இனி ஓட ஏலாது” என்றார். காரிகை என்பது யாப்பருங்கலக் காரிகை, செய்யுள் இலக்கணமான யாப்பைச் சொல்லும் நூல். ஏறத்தாழ ஆயிரம் வருடம் பழையது, அமிதசாகரர் செய்தது. பாடசாலையில் அதைத் தொட்டவர்கள் அலறுவதற்குக் காரணம் இருக்கிறது. எழுத்து, அசை, சீர், தளை, அடி, தொடை என்று பட்டியலாகத் தொடங்கி, வரைவிலக்கணத்தை மனப்பாடம் செய்ய வைத்து, பரீட்சையில் எழுத வைத்து முடித்துவிடுவார்கள். கடைசிவரை ஒருவரும் ஒரு வரி எழுதியிருக்க மாட்டார்கள்.

எங்கள் ஆசிரியர், நாங்கள் ‘சேர்’ என்று கூப்பிடுபவர், அப்படிச் செய்யவில்லை. இந்த வகுப்பில் எனக்கு அதிகம் பிடித்த இடம் இதுதான், கொஞ்சம் விரித்தே சொல்கிறேன்.

“காலி வீதியில் நின்றால் கொண்டக்டர் என்ன கூப்பிடுவான்?” என்று கேட்டார். ஆளுக்கொரு ஊர் சொன்னோம். எல்லாவற்றையும் பலகையில் எழுதினார். பிறகு சொல்லை அசைகளாக, அதாவது ஒலித்துண்டுகளாக, பிரிக்கும் விதியைச் சொன்னார். தனிக் குறிலோ தனி நெடிலோ நின்றால் நேர். இரண்டு குறில் சேர்ந்து வந்தாலும், குறிலை அடுத்து நெடில் வந்தாலும் நிரை. பின்னால் புள்ளி எழுத்து வந்தால் அது முன்னால் நிற்கும் அசையோடு ஒட்டிக்கொள்ளும், புதுக் கணக்கு இல்லை. முடிந்தது விதி. இனிப் பலகையைப் பாருங்கள் என்றார். கோட்டை: கோட், டை. நேர் நேர், அந்தச் சேர்க்கைக்கு வாய்பாட்டுப் பெயர் தேமா. பொரளை: பொர, ளை. நிரை நேர், புளிமா. தெஹிவளை: தெஹி, வளை. நிரை நிரை, கருவிளம். கல்கிசை: கல், கிசை. நேர் நிரை, கூவிளம்.

நாலு வாய்பாடும் காலி வீதியிலும் அதன் பக்கத்திலும் இத்தனை காலமாகக் கிடந்திருக்கின்றன. உயர்தரத்துக்குத் தமிழ் எடுத்திருந்த ஒரு பிள்ளை, “இதைத்தான் சேர் நாங்கள் இரண்டு தவணை படித்தோம்” என்று தலையில் கைவைத்தாள்.

அப்புறம் மூன்றசைக்குப் போனோம். வெள்ளவத்தை கூவிளங்காய், மருதானை புளிமாங்காய், தெமட்டகொடை கருவிளங்காய். இவை மூன்றும் வெண்பாவுக்குள் தாராளமாக வரலாம். கிருலப்பனை நிரை நேர் நிரை, புளிமாங்கனி. கனிச்சீருக்கு வெண்பாவில் இடமில்லை. கொள்ளுப்பிட்டியும் பம்பலப்பிட்டியும் நாலசை. அவற்றையும் ஒரே சீராக வெண்பாவில் வைக்க முடியாது. “காணி விலை கூடின இடமெல்லாம் வெண்பாவுக்கு வெளியே” என்று சேர் சொன்னார். பின் வாங்கில் இருந்த வங்கி அதிகாரி பம்பலப்பிட்டிக்காரர், அவர் மட்டும் சிரிக்கவில்லை.

இதற்குப் பிறகு தளை விளங்குவது வெறும் பத்து நிமிட வேலை. மாவுக்குப் பின் நிரை வரவேண்டும், விளத்துக்குப் பின் நேர், காய்க்குப் பின்னும் நேர். வெண்பாவில் ஒரு சீரும் அடுத்த சீரும் இப்படித்தான் கைகோக்கும். கடைசி அடிக்கு மூன்று சீர். அதன் கடைசிச் சொல் நாள், மலர், காசு, பிறப்பு என்ற நாலில் ஒரு வாய்பாட்டில் முடிய வேண்டும். அந்தக் கிழமை வீட்டுவேலை, பலகையில் இருக்கும் ஊர்களை வைத்து ஒரு குறள் வெண்பா. நான் கொண்டுபோனது இது:

கோட்டை பொரளை தெஹிவளை கல்கிசை
வீட்டுக்குப் போவ தெது

எண்ணிப் பாருங்கள், ஓரிடத்திலும் தட்டாது. கோட்டை மா, அடுத்தது நிரையில் தொடங்கும் பொரளை. பொரளையும் மா, அடுத்தது நிரையில் தொடங்கும் தெஹிவளை. அது விளம், எனவே நேரில் தொடங்கும் கல்கிசை. கோட்டைக்கும் வீட்டுக்கும் எதுகை. முடிவு மலர். “இது கவிதையோ, பஸ் நேர அட்டவணையோ?” என்று வங்கி அதிகாரி கேட்டார். சேர் மோனை இல்லை என்று குறை சொன்னார், ஆனால் பலகையில் எழுதினார். எனக்கு அது போதும்.

இப்படி ஆறு வாரம். நடுவில் ஒரு நாள் என் தொழில் விஷயம் வந்தது. திதி வெண்பாக் கோப்பை அச்சடித்துக் கொண்டுபோய்க் காட்டினேன். சேர் கண்ணாடியைக் கழற்றி ஒரு நிமிடம் மேசையைப் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டு, “தம்பி, நடராசாவை எழுப்பிவிட்டுப் பொன்னம்மாவை அந்தக் கதிரையில் இருத்தினால் இருப்பாவோ?” என்றார். நடராசா நிரையில் தொடங்குகிறார், பொன்னம்மா நேரில். முன்னால் நிற்பது மாச்சீர். அது நடராசாவை ஏற்கும், பொன்னம்மாவை ஏற்காது. சிவப்புப் பேனைக்காரர் வட்டம் போட்ட இடங்களில் ஒன்று சரியாக அதுதான்.

அன்றைக்குப் பாடத்தை நிறுத்திவிட்டு முழு வகுப்புக்கும் திதி வெண்பா கட்டக் காட்டினார். இதில் தொழில் நுட்பம் இருக்கிறது. பட்சமும் திதியும் நாங்கள் தெரிவு செய்வது இல்லை, வந்ததை உட்கார வைக்க வேண்டும். சில திதிகள் சொன்னபடி கேட்கும். தசமி புளிமா, பஞ்சமி கூவிளம், துவாதசி கருவிளம். பூர்வபட்சம் கூவிளங்காய், அபரபட்சம் கருவிளங்காய், இரண்டும் வரலாம். ஏகாதசி வராது. ஏ, கா, தசி என்று நேர் நேர் நிரையாகி, தேமாங்கனியாக வாசலில் நிற்கும். அதை ‘ஏகா தசியில்’ என்று இரண்டாகப் பிரித்து, தேமாவும் புளிமாவுமாக உள்ளே எடுக்க வேண்டும். 2025 சித்திரையில் பிறந்த விசுவாவசு ஆண்டும் அதே தொல்லை, அதுவும் கனி. ‘விசுவா வசுவாண்டு’ என்று பிரித்தால் புளிமா, புளிமாங்காய். பிறகு நேரில் தொடங்கும் சொல் எதுவும் வரலாம். இந்த ஒரு பின்னேரத்துக்கே 7,500 ரூபாயும் செரித்துவிட்டது. (அச்சகத்தின் பாதியையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.)

யாப்பே வேண்டாம், நான் புதுக்கவிதை எழுதத்தான் வந்தேன் என்று சொன்னவர்களும் வகுப்பில் இருந்தார்கள். பாதிப் பேருக்கு மேல் அப்படித்தான். அவர்கள் எப்படி ஆறு வாரம் பொறுத்தார்கள் என்றால், சேர் யாப்பைச் சட்டமாகச் சொல்லவில்லை, காதுக்குப் பயிற்சியாகச் சொன்னார். அசை பிரித்துப் பழகிய பிறகு, நாங்கள் எழுதும் வசனத்திலேகூட எங்கே மூச்சு வாங்குகிறது, எங்கே மூன்று நெடில் சேர்ந்து இழுபடுகிறது என்று தெரியத் தொடங்குகிறது. ‘மஹாகவி’ என்ற பெயரில் எழுதிய ஈழத்துக் கவிஞர் உருத்திரமூர்த்தியை உதாரணமாக எடுத்தார். அளவெட்டியில் பிறந்த மனிதர், 1971இல் 44 வயதில் போய்விட்டார். அவர் கவிதையை வாய்விட்டு வாசித்தால் பக்கத்து வீட்டுக்காரர் கதைப்பது போல இருக்கும். விரல் விட்டு எண்ணினால் சீர் பிசகாது. மரபு என்றால் ‘அந்தோ’வும் ‘ஆங்கே’யும் என்று நினைத்திருந்த பிள்ளைகள் கொஞ்சம் நிமிர்ந்து இருந்தார்கள்.

மஹாகவி தமிழுக்கு ஆக்கித் தந்த குறும்பாவுக்கு ஒரு வாரம் ஒதுக்கியிருந்தார்கள். ஆங்கிலத்து லிமரிக் வழியில் ஐந்து அடி. முதலாம், இரண்டாம், ஐந்தாம் அடிகள் ஒரே இயைபில் முடியும், நடுவில் இரண்டு குறுகிய அடி. கடைசி அடியில் ஒரு குத்து. தொடக்கக்காரருக்கு இதைவிட நல்ல வடிவம் இல்லை என்பது என் அபிப்பிராயம். சோகம் எழுத இடமே கிடையாது, அதனால் எல்லோரும் உண்மையில் பார்த்ததை எழுதினார்கள். மீற்றர் ‘பழுதான’ ஓட்டோக்காரர், லிப்ற் வேலை செய்யாத மாடிவீட்டில் ஐந்தாம் மாடிக்குத் தேங்காய் ஏற்றும் மாமி, இப்படி. வகுப்பு அன்று கலகலத்தது, கீழ்மாடிக் கணித வகுப்பிலிருந்து ஆள் அனுப்பிச் சத்தத்தைக் குறைக்கச் சொன்னார்கள்.

சரி, குறைகள்.

புதுக்கவிதைக்கு இரண்டே வாரம். அதற்கு வெளியிலிருந்து ஒருவரை அழைத்திருந்தார்கள். முதல் வாரம் அவர் தன்னுடைய கவிதைகளை வாசித்தார். இரண்டு மணி நேரமும் வாசித்தார். எங்களுடையது ஒன்றையும் கேட்கவில்லை. அடியை எங்கே முறிப்பது, ஏன் அங்கே முறிப்பது என்று ஒரு பிள்ளை கேட்டதற்கு, “அது உள்ளேயிருந்து வர வேண்டும்” என்று பதில். உள்ளேயிருந்து வருமென்றால் நாங்கள் ஏன் படியேறி மேலே வந்தோம்?

இரண்டாம் வாரம் அவர் வரவில்லை. அது நல்லதாகப் போயிற்று. சேரே நின்று, உங்கள் வேலையில் நேற்று நடந்த ஒன்றை உவமை இல்லாமல், ‘போல’ என்ற சொல் இல்லாமல் எழுதுங்கோ என்றார். ஹட்டனிலிருந்து வந்து காலி வீதியில் புடைவைக்கடை ஒன்றில் நிற்கும் தங்கச்சி ஒருத்தி இருந்தாள், அதுவரை வாய் திறந்தது குறைவு. அவள் எழுதியதை அவளிடம் கேட்டுத்தான் இங்கே போடுகிறேன்:

விரித்துக் காட்டச் சொன்னார்
வாங்கவில்லை
மடிக்கிறேன்
பழைய மடிப்பிலேயே

முதலில் அவள் இதற்குப் பின்னால் இன்னும் மூன்று வரி வைத்திருந்தாள், தன் மனமும் சேலையும் ஒன்று என்ற பொருளில். சேர் அந்த மூன்றையும் கையால் மறைத்துக்கொண்டு, “இப்ப வாசி” என்றார். அவள் வாசித்தாள். பிறகு கொஞ்சம் யோசித்து, “ஆனா சேர், அந்த மூணு வரியத்தான் நான் மொதல்ல எழுதினேன்” என்றாள். “எழுதினது சரி. அது உனக்கு. இது எங்களுக்கு” என்றார். அதன் பிறகு ‘பழைய மடிப்பிலேயே’ தனி அடியாக நிற்பதா, ‘மடிக்கிறேன்’ என்பதோடு சேர்வதா என்று வகுப்பு இரண்டாகப் பிரிந்து வாதாடியது. சேர்ந்தால் அது தகவல், தனியே நின்றால்தான் வாசிப்பவர் அங்கே ஒரு நொடி நிற்பார் என்று உயர்தரப் பிள்ளை சொன்னாள். வெளியாள் சொல்லாத பதில் அது. புதுக்கவிதைக்கு இப்படி நாலு வாரம் இருந்திருந்தால் இந்த வகுப்பைப் பற்றி வாய் நிறையப் புகழ்ந்திருப்பேன்.

பத்தாம் வாரம் வகுப்பே இல்லை, ‘நிறைவு விழா’. மங்கள விளக்கு, தமிழ்த்தாய் வாழ்த்து, வரவேற்புரை, தலைமையுரை, பிரதம விருந்தினர் உரை, பொன்னாடை, இன்னொரு பொன்னாடை, சான்றிதழ். மாணவர் கவியரங்கு என்று அழைப்பிதழில் பெரிதாகப் போட்டிருந்தது, ஆளுக்கு இரண்டு நிமிடம் கொடுத்து, நேரமாகிவிட்டது என்று கடைசி நாலு பேரை விட்டுவிட்டார்கள். கொழும்பில் தமிழ் நிகழ்ச்சிக்குப் போய்ப் பழகியவர்களுக்கு இது அதிர்ச்சி இல்லை. ஆனால் அந்த இரண்டு மணி நேரத்துக்கும் நாங்கள் காசு கட்டியிருக்கிறோம்.

குறிப்புத் தாள்களைப் பற்றி ஒரு பத்தி எழுதாமல் விட என் தொழில் விடாது. பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்து, பிறகு யாரோ யூனிகோடுக்கு மாற்றி, திருத்தாமல் போட்டோக்கொப்பி எடுத்திருக்கிறார்கள். பாமினியில் அடிக்கும்போது ஷிப்ட் விசை ஒன்று தவறினால் கொ, கோவாகிவிடும். நாவலில் அது எழுத்துப்பிழை, வாசிப்பவர் கடந்து போய்விடுவார். யாப்புக் குறிப்பில் அப்படி முடியாது. ‘கொடை’ ஒரே நிரை, ‘கோடை’ நேர் நேர். மூன்றாம் தாளில் நிரைக்கு உதாரணமாகக் ‘கோடை’ நிற்கிறது. முன்னால் இருந்த ஐயா ஒருவர் அதை நம்பி வீட்டுவேலை முழுவதையும் பிழையாகச் செய்துகொண்டு வந்தார், பாவம்.

இடவசதி பரவாயில்லை. மின்விசிறி மூன்றில் இரண்டு சுற்றும். கடற்கரைப் பாதையில் ரயில் போகும்போது பேச்சை நிறுத்த வேண்டும், சேர் அந்த நேரத்தில் பலகையை அழிப்பார். இடைவேளைப் பிளேன்டீ கட்டணத்துக்குள் அடங்காது. படி செங்குத்து, முழங்கால் வலி உள்ளவர்கள் யோசித்துப் போங்கள்.

வகுப்பில் சொல்லாமல் விட்டது வாசிப்பு. என்ன வாசிப்பது, எங்கே கிடைக்கும் என்று ஒரு பட்டியல்கூடத் தரவில்லை. கவிதை எழுத வந்தவர்களில் பலர் கவிதைத் தொகுதி ஒன்றைக் கையில் எடுத்ததே இல்லை, முகநூலில் கண்டதுதான். இத்தனைக்கும் கூப்பிடு தூரத்தில் 57ஆம் ஒழுங்கையில் கொழும்புத் தமிழ்ச் சங்கத்தின் நூலகம் இருக்கிறது. 1942இலிருந்து இயங்கும் சங்கம் அது. வீட்டை விட்டு இறங்க முடியாதவர்களுக்கு ‘நூலகம்’ என்ற பெயருள்ள இணையத்தளத்தில் ஈழத்துப் பழைய சஞ்சிகைகளும் தொகுதிகளும் காசில்லாமல் கிடைக்கின்றன. எழுதியதை நாலு பேர் முன்னால் வாசிக்க ஆசைப்பட்டால் வலம்புரி கவிதா வட்டம் போயா (பௌர்ணமி) நாட்களில் கவியரங்கு வைக்கிறது. இதையெல்லாம் ஒரு தாளில் அடித்துக் கொடுக்க எத்தனை நேரம் எடுக்கும்?

ஆக, ஐந்துக்கு மூன்றரை. அந்த மூன்றரையில் மூன்று சேருக்கு. மரபு படிக்க வேண்டும், ஆனால் பாடசாலை ஞாபகம் பயமுறுத்துகிறது என்பவர்கள் கண்ணை மூடிக்கொண்டு போகலாம். திதி வெண்பா எழுதிக் கொடுக்கும் வேலை உள்ளவர்கள் கட்டாயம் போக வேண்டும், இந்த ஊரில் அதைக் கற்றுத் தருபவர் வேறு ஒருவரையும் நான் கேள்விப்படவில்லை. புதுக்கவிதை மட்டும்தான் வேண்டும் என்றால் இப்போதைக்குக் காத்திருங்கள். வெளியாளை மாற்றப் போவதாகவும் அந்தப் பகுதியை நாலு வாரமாக்கப் போவதாகவும் வட்ஸ்அப் குழுவில் ஒரு பேச்சு ஓடுகிறது, அறிவித்தல் இன்னும் வரவில்லை.

அடுத்த பிரிவு தைப்பொங்கலுக்குப் பிறகு. நேரில் போய்த்தான் பதிய வேண்டும், கையிலே காசாக. பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்குங்கள், கேட்காவிட்டால் தரமாட்டார்கள். குறிப்புத் தாள்கள் கிடைத்ததும் மூன்றாம் தாளில் ‘கோடை’யை வெட்டிவிட்டுக் ‘கொடை’ என்று எழுதிக்கொள்ளுங்கள்.